தந்தையின் மடல்களும் மைந்தனின் பியானோவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

வரவேற்புரைக்கும் குழந்தைகளின் கலைநிகழ்ச்சிக்கும் நடுவே ஒரு சொற்பொழிவை வைப்பது நம் சங்கத்தின் நெடுநாளைய மரபு. நடுவே நிற்பவரின் நிலை இரங்கத்தக்கது. அவையோரின் கண்கள் திரைக்குப் பின்னால் சலங்கை கட்டிக்கொண்டிருக்கும் குழந்தைகளைத் தேடுகின்றன. நாசியோ கூடத்தின் பின்புறம் கொதிக்கும் சாம்பாரை நாடுகிறது. எஞ்சியிருக்கும் செவியை மட்டும் சிறிது நேரம் இப்பக்கம் திருப்புமாறு வேண்டுகிறோம்.

இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பியானோக் கலைஞரின் வாழ்க்கை. அவர் தமிழரல்லர், இந்தியரும் அல்லர். சீனத்து ஷாங்காய் நகரில் பிறந்து, போலந்தில் பயின்று, லண்டனில் வாழ்ந்து மறைந்தவர். ஃபூ ட்சுங் என்பது அவர் பெயர். ஃபூ என்பது குடும்பப் பெயர். சீனத்தில் அது முன்னே நிற்கும். "தமிழ்ச் சங்க மேடையில் சீனத்துப் பியானோக் கலைஞருக்கு என்ன இடம்?" என்று நம் செயலாளரே வினவினார். முறையான வினாதான். பிழைப்பையும் கல்வியையும் கருதிப் பிறந்த மண்ணை விட்டு வந்தவர்கள் நாம். நம் பிள்ளைகளுள் பலர் நம்மையும் விட்டு இன்னும் தொலைவு சென்றுவிட்டனர். பிரிந்து சென்ற பிள்ளைக்கும் வீட்டில் இருந்த தந்தைக்கும் இடையே என்ன நிகழக்கூடும் என்பதை இக்கலைஞரின் வரலாற்றைப் போல் விளக்கும் வரலாறு வேறொன்றை நாம் அறியோம். அதனாலேயே இதைத் தேர்ந்தோம்.

கண்டிப்பான தந்தை

ஃபூ ட்சுங் 1934ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தை ஃபூ லெய், சீனத்தின் தலைசிறந்த மொழிபெயர்ப்பாளர்களுள் ஒருவர். இளமையில் பாரிஸ் சென்று கற்றவர். பால்சாக்கின் புதினங்களைச் சீனத்தில் தந்தவர். ரொமெய்ன் ரோலண்ட் எழுதிய 'ழான் கிறிஸ்தோஃப்' என்னும் பெருநூலையும் அவர் மொழிபெயர்த்தார். அது ஓர் இசைக்கலைஞனின் வாழ்க்கையைக் கூறும் புதினம். அந்நூலோடு ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த ஒருவரின் இல்லத்திலேயே ஓர் இசைக்கலைஞன் வளர்ந்தது வியப்பான பொருத்தம் அன்றோ?

ஃபூ லெய் நான்கு வயதில் தந்தையை இழந்தவர். கைம்பெண்ணாகிய தாய் அவரை மிகக் கடுமையாக வளர்த்தார். வளர்க்கப்பட்ட முறையிலேயே அவரும் தம் மகனை வளர்க்கலானார். பையனைத் தொடக்கப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே கற்பித்தார். கன்பூசியசு, மென்சியசு முதலான பழம்பெரும் ஆசிரியர்களின் நூல்களிலிருந்து பாடங்களைத் தம் கையாலேயே எழுதித் தந்தார். ஏழு வயதில் பியானோ தொடங்கிற்று. மேல்மாடியில் தந்தை எழுதிக்கொண்டிருப்பார். கீழே மகன் வாசிக்கும் ஒலி சற்று நின்றாலும் அவர் செவி அறிந்துவிடும். ஏச்சும் அடியும் அவ்வீட்டில் அரியவை அல்ல.

பையனுக்கு வாய்த்த பேராசிரியர் மரியோ பாச்சி என்னும் இத்தாலியர். ஷாங்காய் நகரின் இசைக்குழுவை நெடுங்காலம் நடத்திய பெருமை அவருக்கு உண்டு. 1946இல் அவர் காலமானார். அதன்பின் பையனின் கல்வி தடுமாறியது. தந்தையோடு பிணக்கு, தென்மேற்கில் உள்ள குன்மிங் நகரில் தனி வாழ்வு, பியானோவை ஏறத்தாழ மறந்த காலம். அந்நகரில் அவன் வாசித்ததைக் கேட்ட மக்களே பணம் திரட்டி, "ஊருக்குத் திரும்பிச் சென்று முறையாகப் படி" என்று அனுப்பி வைத்தனர். 1951இல், பதினேழு வயதில், அவன் தானே விரும்பித் திரும்பினான். தந்தை அடித்துக் கற்பித்த கலை வேறு. தானே தேடி வந்து கற்கும் கலை வேறு. இக்கலைஞரின் உண்மையான சாதகம் இந்த இரண்டாவது தொடக்கத்திலிருந்தே தோன்றியது என்பது நம் எண்ணம்.

மறைந்துகொண்டே இருக்கும் ஒலி

பியானோ என்னும் கருவியைப் பற்றிச் சிறிது சொல்லியே ஆகவேண்டும். அதில் 88 கட்டைகள் உள்ளன. ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி போர்த்த சிறு சுத்தியல் ஒன்று எழுந்து கம்பியைத் தட்டி மீள்கிறது. தட்டிய கணத்திலிருந்தே அவ்வொலி தேயத் தொடங்கிவிடும். வீணையில் கம்பியை இழுத்து ஒரு சுரத்தை மற்றொரு சுரத்தின்பால் வளைத்துச் செல்லலாம். வாய்ப்பாட்டில் மூச்சால் ஒலியை வளர்க்கலாம். பியானோவில் இவ்விரண்டும் இயலா. தேய்ந்துகொண்டே இருக்கும் ஒலிகளைக் கோத்துத் தேயாத பாட்டு ஒன்றைப் பாடுவதாகக் கேட்பவரை உணரச் செய்வதே அக்கருவியின் பெருவித்தை. விரலின் அழுத்தமும், காலால் இயக்கும் மிதியின் நுட்பமும், ஒரு சுரம் மறையும் அளவறிந்து அடுத்த சுரத்தை வைக்கும் செவியும் ஒருங்கே வேண்டும். அதனால்தான் ஆண்டுகள் பல ஆகின்றன. நாளொன்றுக்கு மணிக்கணக்கில் சாதகம் வேண்டியிருக்கிறது.

1953இல் புக்கரெஸ்ட் நகரில் நடந்த போட்டியில் ஃபூ ட்சுங் மூன்றாம் பரிசு பெற்றார். அதன் பயனாகப் போலந்தில் பயிலும் வாய்ப்புக் கிட்டியது. 1954ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், இருபது வயதும் நிறையாத அவ்விளைஞர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். ஸ்பிக்னியெவ் ஜெவியெட்ஸ்கி என்னும் முதுபெரும் ஆசிரியரிடம் கற்றார். ஓராண்டே சென்றது. 1955இல் வார்சா நகரில் ஷோப்பன் பெயரால் நடைபெறும் அனைத்துலகப் போட்டியில் மூன்றாம் பரிசைப் பெற்றார். அவ்வாண்டு முதற்பரிசு போலந்துக்காரரான ஹராசியெவிச்சுக்கும், இரண்டாம் பரிசு சோவியத்து நாட்டு அஷ்கெனாசிக்கும் கிடைத்தன. ஆயினும் போலந்து மக்கள் வியந்தது வேறொன்றைக் குறித்து. 'மசூர்க்கா' என்னும் உருப்படிகளை மிகச் சிறப்பாக வாசித்தவருக்கென வழங்கும் தனிப்பரிசும் இச்சீன இளைஞருக்கே கிடைத்தது.

மசூர்க்கா என்பது வார்சாவைச் சூழ்ந்த நாட்டுப்புறத்து ஆடல். மூன்றெண்ணிக்கைத் தாளம். ஆனால் அழுத்தம் முதல் எண்ணில் ஒழுங்காக விழாது. இரண்டிலோ மூன்றிலோ விழும். இடக்கை தாளத்தைக் காக்க, வலக்கை சற்றே தயங்கியும் சற்றே முந்தியும் செல்லவேண்டும். அந்தத் தயக்கம் எவ்வளவு என்பதைத் தாளில் எழுதிக் காட்ட இயலாது. நம் ஊர்க் கும்மியின் துள்ளலைச் சுரக்குறிப்பைப் பார்த்து மட்டும் கற்ற வெளிநாட்டார் ஒருவர் அடித்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அப்படிப்பட்ட ஒன்றைச் சீனத்து இளைஞர் மண்ணின் மைந்தரைப் போல் வாசித்தார்.

எங்ஙனம் இயன்றது? தாம் இளமையில் கற்ற சீனக் கவிதையே ஷோப்பனிடம் செல்லும் வழியைக் காட்டிற்று என்று அவர் பின்னாளில் கூறிவந்தார். நாடிழந்து சிறைப்பட்டு வாடிய லீ யூ என்னும் பழைய அரசக் கவிஞரின் துயரையே ஷோப்பனிடம் அவர் கேட்டார். ஷோப்பனும் நாடு பிரிந்தவரே. 1830இல் இருபது வயதில் போலந்தை விட்டவர், 1849இல் பாரிசில் இறக்கும்வரை திரும்பவில்லை. அவருடைய இதயம் மட்டுமே வார்சாவுக்கு மீண்டது. அங்குள்ள தேவாலயத் தூண் ஒன்றினுள் அது வைக்கப்பட்டுள்ளது. வாழ்நாள் முழுதும் அவர் எழுதிக்கொண்டே இருந்தவை இந்த மசூர்க்காக்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டவை. ஊரில் இருப்பவனுக்கு அது வெறும் ஆட்டம். ஊரை விட்டவனுக்கு அதுவே ஊர். பொங்கல் நாளில் இக்காலனியின் சிமிட்டித் தரையில் கோலமிடும் தாய்மார்களுக்கு இதை நாம் விளக்கவும் வேண்டுமோ?

மடல்கள்

மகன் புறப்பட்ட சில நாள்களுக்குள்ளாகவே தந்தையின் முதல் மடல்கள் தொடங்கிவிட்டன. அவற்றில் அவர் செய்த முதற்பணி அறிவுரை கூறியதன்று, மன்னிப்புக் கேட்டது. சென்ற ஆண்டு பீத்தோவனின் வயலின் உருப்படிகளுள் எது சிறந்தது என்ற வாதத்தில் இருவரும் பூசலிட்டு, மகன் வீட்டைவிட்டு ஒரு திங்களுக்கு மேல் வெளியே தங்க நேர்ந்ததை நினைந்து வருந்தினார். பிள்ளையைச் சிறுவயதில் கொடுமைப்படுத்தியதாகவும், அக்குற்றம் வாழ்நாள் முழுதும் தம்மை விட்டு நீங்காது என்றும் எழுதினார். கண்டிப்பையே அறமாகக் கொண்டிருந்த ஒரு மனிதர், நாடறிந்த எழுத்தாளர், இருபது வயது இளைஞனிடம் இங்ஙனம் எழுதுவது எளிதன்று.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் கூறிவிடுகிறோம். எங்கள் இல்லத்திலும் ஒரு பெண் வீணை பயின்றாள். காலையில் சாதகம் செய்யாமல் உறங்கிவிட்ட ஒருநாள் அவளிடம் நாம் பேசிய சொற்கள் இன்றும் நமக்கு நினைவிருக்கின்றன. அவள் இப்போது கடல் கடந்து வாழ்கிறாள். ஞாயிறுதோறும் கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசுகிறோம். உடல்நலம், தட்பவெப்பம், சமையல் எல்லாம் பேசுகிறோம். அந்த ஒருநாளைப் பற்றி மட்டும் ஒருபோதும் பேசியதில்லை. வீணை உறையிலிட்டபடி அலமாரியின் மேல் இருக்கிறது. ஃபூ லெய் எழுதிய அந்த மடலைப் பற்றிப் படித்தபோது நாம் நெடுநேரம் எழாமல் அமர்ந்திருந்தோம்.

1954 முதல் 1966 வரை மடல்கள் சென்றுகொண்டே இருந்தன. தாயும் எழுதினார். அவற்றில் இல்லாத பொருள் இல்லை. அயல்வீட்டுக்குள் நுழைந்ததும் மேலங்கியோடு கழுத்துத் துணியையும் களையவேண்டும். உணவு மேசையில் கைகள் பிறர் காண மேலே இருக்கவேண்டும் என்பன போன்ற சிறு நடைமுறைகள் ஒருபுறம். மோட்சார்ட்டின் உள்ளம், கிரேக்கச் சிற்பம், சீனக் கவிதை, காதல், சிக்கனம், மனச்சோர்வை வெல்லும் வழி என்பன மறுபுறம். கிரேக்கச் சிற்பத்தைப் பற்றிப் பிரெஞ்சு அறிஞர் தெய்ன் எழுதிய பகுதி மகனுக்குப் பயன்படும் எனக் கருதி, தம் மொழிபெயர்ப்பு அச்சேறும்வரை காத்திராமல், அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளைத் தூரிகையால் படியெடுத்து 1961இல் அனுப்பினார். முதலில் நல்ல மனிதன், அடுத்துக் கலைஞன், அதன்பின் இசையறிந்தவன், பியானோ வாசிப்பவன் என்பது எல்லாவற்றிற்கும் கடைசியிலேயே என்பது அவர் மகனுக்கு வகுத்த வரிசை. பரிசுக் கோப்பைகளை வரவேற்பறையில் அடுக்கி வைக்கும் நாம் இவ்வரிசையைத் தலைகீழாகக் கொண்டிருக்கிறோமோ என்று அடிக்கடி ஐயுறுகிறோம்.

பிரிவு

1957இல் சீனத்தில் வலதுசாரிகள் என்று கூறப்பட்டோர் மீது பெரும் இயக்கம் ஒன்று மூண்டது. மறு ஆண்டில் ஃபூ லெய் மீதும் அப்பட்டம் சுமத்தப்பட்டது. 1958ஆம் ஆண்டு இறுதியில் மகனின் படிப்பு முடிந்தது. தாயகம் திரும்பவேண்டிய நேரம். திரும்பினால் தந்தை மகன் மீதும், மகன் தந்தை மீதும் குற்றம் சாட்டும்படி கட்டாயப்படுத்தப்படுவார்கள் என்பதை அவர் உணர்ந்தார். டிசம்பர்த் திங்களில் வார்சாவிலிருந்து விமானமேறி லண்டன் சென்றார்; திரும்பவில்லை.

நாட்டைக் கைவிட்டவர் என்று பழித்தோர் உண்டு. தந்தையே மனம் நொந்தார். சிறிது காலம் மடல்கள் நின்றன. பின்னர் மீண்டும் தொடங்கின. மகன் பிரிந்து சென்றது சரியா, தவறா என்று இம்மேடையில் தீர்ப்புச் சொல்ல நாம் துணியோம். ஒன்று மட்டும் சொல்லலாம். வீட்டைக் காப்பதற்காகவே வீட்டை விட்டு நீங்க நேரும் நிலைமையும் உலகில் உண்டு.

லண்டனில் அவர் புகழ் வளர்ந்தது. 1960இல் புகழ்பெற்ற வயலின் மேதை யெஹுதி மெனுஹினின் மகளை மணந்தார். அவ்வாண்டிலேயே, நோபல் பரிசு பெற்ற செருமானிய எழுத்தாளர் ஹெர்மன் ஹெஸ்ஸே வானொலியில் இவர் வாசித்த ஷோப்பனைக் கேட்டு நெகிழ்ந்து, முகமறியா அக்கலைஞருக்குப் பொதுமடல் ஒன்று எழுதினார். அவ்வாசிப்பில் பழஞ்சீன ஞானத்தின் சாயலை அவர் உணர்ந்தார். தந்தை இளமையில் கையால் எழுதிக் கற்பித்த பாடங்கள் எங்கெங்கோ சுற்றி ஒரு செருமானியரின் செவியில் சென்று சேர்ந்தன என்றே நமக்குத் தோன்றுகிறது.

1964இல் பேரன் பிறந்தான். பெயரைத் தாத்தாவே தேர்ந்தளித்தார். தாத்தாவும் பாட்டியும் அக்குழந்தையைப் புகைப்படத்தில் மட்டுமே கண்டனர்.

முடிவும் தொடர்ச்சியும்

1966இல் பண்பாட்டுப் புரட்சி என்ற பெயரால் எழுந்த சூறாவளி அவ்வில்லத்தையும் தாக்கியது. ஆகஸ்டு இறுதியில் செங்காவலர்கள் நுழைந்து பல நாள் வீட்டைக் குலைத்து, முதியோர் இருவரையும் இழிவுபடுத்தினர். செப்டம்பர் 3ஆம் நாள் ஃபூ லெய்யும் அவர் மனைவியும் தம் உயிரைத் தாமே துறந்தனர். தங்கள் ஈமச்செலவுக்கென 53 யுவானும் சில்லறையும் உறையிலிட்டு வைத்திருந்தனர். பிறருக்குக் கடன்படாமல் போகவேண்டும் என்ற கவலை அந்நேரத்திலும் அவர்களை விடவில்லை. பழி சுமந்தவர்களின் சாம்பலைக் கேட்டுப் பெற உற்றார் எவரும் வர இயலாத அந்நாளில், இரத்த உறவு எதுவுமில்லாத ஓர் இளம்பெண் தம்மை வளர்ப்பு மகள் என்று கூறிச் சென்று பெற்றுப் பாதுகாத்தார். மானுடம் அழியவில்லை என்பதற்கு அவர் ஒருவரே சான்று.

லண்டனில் இருந்த மகனுக்குச் செய்தி இரண்டு திங்கள் கழித்தே எட்டியது. அதன்பின்னும் மேடைகள் அவருக்காகக் காத்திருந்தன, அவரும் வாசித்தார். ஸ்கார்லட்டி, மோட்சார்ட், ஷூபெர்ட், டெபுஸ்ஸி, எல்லாவற்றிற்கும் மேலாக ஷோப்பன். 1955இல் பரிசு வாங்கியபோது அவருக்கு வீடு இருந்தது. நாடிழந்தவனின் பாட்டை அன்று கவிதை வழியே அறிந்து வாசித்தார். இப்போது தன் வாழ்க்கை வழியே அறிந்து வாசித்தார்.

1979ஆம் ஆண்டில் பெற்றோர் மீதிருந்த பழி அரசால் நீக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் ஷாங்காயில் நடந்த நினைவுக்கூட்டத்துக்கு மகன் வந்தார். இருபதாண்டுகளுக்கு மேல் கழித்துச் சொந்த மண்ணில் அடியெடுத்து வைத்தார். அதன்பின் பலமுறை சென்று இளைஞர்களுக்குப் பியானோ கற்பித்தார். லண்டனில் அவர் காத்து வைத்திருந்த தந்தையின் மடல்கள், இளைய சகோதரரின் முயற்சியால் 1981இல் சீனத்தில் நூலாயின. அந்நூல் இலட்சக்கணக்கில் பரவி, வீடுதோறும் பெற்றோரும் பிள்ளைகளும் படிக்கும் நூலாயிற்று. மகன் தந்தைக்கு எழுதிய மடல்களுள் பெரும்பகுதி சூறையில் அழிந்தன. தொலைவில் இருந்தவன் காத்த பாதியே பிழைத்தது.

முதுமையில் கைவிரல்களின் தசைநார் நோய் அவரை வருத்தியது. விரல் நுனி மட்டும் தெரியும் கையுறை அணிந்து, நாள்தோறும் மணிக்கணக்கில் சாதகம் செய்வதை அவர் விடவில்லை. 2010இல் வார்சா போட்டியில் நடுவர்களுள் ஒருவராக அமர்ந்தார். தாம் இருபத்தொரு வயதில் அஞ்சி நின்ற மேடையை எழுபத்தாறு வயதில் நடுவர் இருக்கையிலிருந்து கண்டார். 2020ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள், உலகையே வாட்டிய கொரோனா நோயால் லண்டனில் காலமானார். அகவை 86.

அன்பர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்புங்கள் என்றோ, அனுப்பாதீர்கள் என்றோ நாம் கூறவரவில்லை. அடித்து வளர்த்தால் மேதை ஆவான் என்று எவரேனும் இவ்வரலாற்றைக் காட்டிப் பேசினால், அத்தந்தையே அதற்காக மன்னிப்புக் கேட்டார் என்பதை நினைவூட்டுங்கள். அடி அம்மகனை வீட்டை விட்டு விரட்டியது. மடல்களே அவரை இறுதிவரை வீட்டோடு பிணைத்தன.

தட்டிய கணத்திலிருந்தே தேயும் ஒலி என்று பியானோவைப் பற்றிச் சொன்னோம். நம் இல்லங்களின் உறவும் அப்படித்தான். பிள்ளை வாசற்படி தாண்டிய கணத்திலிருந்து அது தேயத் தொடங்குகிறது. தேய்வதற்குள் அடுத்த சுரத்தை வைக்கவேண்டும். அதற்குக் கைப்பேசியில் சமையலை மட்டும் விசாரித்தால் போதாது. சொல்லக் கூசும் சொல்லையும் சொல்லவேண்டும். நாம் அச்சொல்லை எழுத அமர்ந்துவிட்டோம். முதல் வரி எழுதுவதற்கே மூன்று இரவுகள் ஆயின. எழுதிய மடல் இப்போது நம் சட்டைப் பையில் உள்ளது. நாளைக் காலை அஞ்சலில் சேர்ப்போம்.

திரைக்குப் பின்னால் சலங்கை ஒலி கேட்கிறது. குழந்தைகள் பொறுமை இழந்துவிட்டனர். அவர்கள் ஆடும்போது அடவு ஒன்று தவறினால் தயவுசெய்து எவரும் முகம் சுளிக்கவேண்டாம். வீட்டுக்குச் சென்றபின்னும் அதைப் பற்றிப் பேசவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.